பின்னறைக் கணினியில் நாற்பத்தேழு கடிதங்கள்

போன வாரம் தலைமையகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பழைய முறையில் மின்னஞ்சல் இறக்கும் கணினி எங்காவது மிச்சம் இருந்தால் மாதம் முடிவதற்குள் மாற்றிவிடுங்கள், அதற்குப் பிறகு சர்வர் அதற்குப் பதில் சொல்லாது என்று. பாசிர் கூடாங்கில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கிடங்கில், எடைமேடைக்குப் பக்கத்தில், யாரும் மதிக்காத ஒரு கிழட்டுப் பெட்டி. விசிறி வேறு கத்திக்கொண்டிருந்தது. பக்கத் தகட்டைக் கழற்றினேன். சூடேறிய தூசி வாடை குப்பென்று மூக்கில் ஏறியது.

கூட வந்தவள் புதிதாகச் சேர்ந்த பெண். கெட்டிக்காரி. செட்டிங்ஸ் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மெயில இங்க இறக்கினதும் சர்வர்ல அழிச்சிடுதே. எந்தப் பைத்தியம் இப்படிப் போட்டு வச்சது?" என்று கேட்டாள்.

"அப்ப எல்லாப் பைத்தியமும் அப்படித்தான் போட்டோம். வேலையப் பாரு" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த வாடைதான் காரணம்.

அந்த வாடைக்குச் சொந்தமான அறை குளுவாங்கில் இருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு கணினிக் கடை. முன்னால் கண்ணாடி அலமாரி, பிரிண்டர் மை, எறும்பு கூடு கட்டிய பழைய விசைப்பலகைகள். பின்னால் ஜன்னல் இல்லாத அறை. அங்கே நான். வயது இருபத்திரண்டு. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவன் சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடிவிட்டான், வேறு ஆள் கிடைக்கவில்லை, அதனால் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார் கடை முதலாளி ஜெகன். வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "பையன் இல்லையா மா?" என்பார்கள். "பையன் நான்தான், என்ன கெட்டுப்போச்சு சொல்லுங்க" என்பேன். ஒருவர் அப்படியே திரும்பிப் போயிருக்கிறார், சிபியூவைத் தூக்கிக்கொண்டு.

அந்தக் காலத்து மின்னஞ்சலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. சர்வரில் ஓர் ஆளுக்குக் கொடுத்த இடம் தீப்பெட்டி அளவு. நாலு படம் வந்தால் நிறைந்துவிடும், அப்புறம் வருகிற கடிதமெல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அதனால் நம் கணினியில் உள்ள மெயில் நிரல் சர்வரைக் கூப்பிட்டு, இருப்பதையெல்லாம் அள்ளி இங்கே போட்டுக்கொண்டு, அங்கே துடைத்துவிடும். ஒரே கணக்கை இரண்டு கணினியில் போட்டு வைத்தால் யார் முதலில் கை நீட்டுகிறாரோ அவருக்குத்தான் கடிதம். அடுத்தவருக்குப் 'புதிய மடல் இல்லை' என்று மரியாதையாகச் சொல்லும். யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று சொல்லாது.

எங்கள் கடையில் ஒரு பழக்கம். கணினியை வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன், அவருடைய கணக்கைப் பின்னறைச் சோதனைக் கணினியில் போட்டு, ஒரு மெயில் அனுப்பி, ஒரு மெயில் வாங்கிப் பார்ப்போம். சரியாக வந்தால் அதே விவரங்களை அவர் கணினியில் ஏற்றிவிட்டு, சோதனைக் கணினியிலிருந்து அந்தக் கணக்கை நீக்கிவிட வேண்டும். அதுதான் முக்கியம். அந்தச் சோதனைக் கணினி காலை பத்து மணிக்குக் கடை திறந்ததிலிருந்து ஏழு மணிக்கு மூடும்வரை ஓடும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தன்னிடம் இருக்கும் எல்லாக் கணக்குக்கும் போய்க் கதவைத் தட்டும். திரையை அணைத்தே வைத்திருப்போம். உள்ளே என்ன வந்து விழுகிறது என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை.

குணா அண்ணன் கணினி வாங்க வந்தது ஜனவரி மழையில். மெர்சிங் படகுத்துறையில் ஒரு சாலேக்காரருக்கு முன்பதிவுக் கவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீவில் கடலோரமாக வரிசையாகக் கட்டிவிட்ட மரக்குடில்கள், அவைதான் சாலே. முதலாளி சீனர், எல்லாருக்கும் அவர் தவுக்கே. குணா அண்ணன் அங்கே பயணிகளின் மூட்டை தூக்கிப் படகில் ஏற்றும் வேலையில் சேர்ந்து, பேச்சுத் திறமையால் கவுண்டருக்கு வந்தவர். அதுவரை முன்பதிவெல்லாம் ஃபேக்ஸில். இனி மின்னஞ்சல் என்று தவுக்கேயை மாதக்கணக்கில் அரித்துச் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

"தங்கச்சி, வாயக் குடுத்துட்டேன். இந்த சீசன் மெயில்லதான்னு. கவுத்துடாத லா."

"வந்துட்டீங்கல்ல, ஒக்காருங்க."

"எங்க ஒக்கார? மழ கனக்குது. ஜெமாலுவாங் பக்கம் தண்ணி ரோட்டுல ஏறிச்சுன்னா நாம ரெண்டு பேரும் பிக்கப்லயே குடும்பம் நடத்தணும். எம்பொஞ்சாதி என்னய வெட்டிப் போட்டுடுவா. கெளம்பு, கெளம்பு."

நான் சிரித்துக்கொண்டே எழுந்தேன். சோதனை மெயில் வந்திருந்தது. திரையை அணைத்தேன். கணக்கை நீக்கவில்லை.

பிக்கப்பில் மானிட்டரை நடுவில் உட்கார வைத்துப் பெல்ட் போட்டுவிட்டார். சிபியூ மழைக்கோட்டில் சுற்றி என் மடியில். காஹாங் வரைக்கும் இரண்டு பக்கமும் செம்பனை, மழையில் கறுத்துப் போய், ஒரே மாதிரி. காஹாங்கில் நிறுத்தி ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். சிபியூவைக் கீழே வைக்க மனம் வராமல் மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன், சாம்பார் அதன்மேல் சிந்தியது. "மொத மெயிலு சாம்பார் வாடையோட வரும்" என்றார். லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் பெண் எடுத்தது, மகளுக்கு நாலு வயது, மச்சான் சிவத்தை அவரே மெர்சிங்குக்குக் கூட்டி வந்து வேறொரு முதலாளியின் பக்கத்துக் கவுண்டரில் சேர்த்துவிட்டது, எல்லாம் அந்த வழியில் தெரிந்துகொண்டேன்.

படகுத்துறையில் டீசலும் காயவைத்த மீனும் சேர்ந்து ஒரு நெடி. அலை துறைமேல் ஏறி அடித்தது. கவுண்டர்கள் பலகைக் கூண்டுகள், ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக. நாங்கள் இறங்கியதுமே பக்கத்துக் கூண்டிலிருந்து சிவம் கத்தினான்.

"மாமா, கம்ப்யூட்டரு வந்திருச்சா? இனிமே எங்களையெல்லாம் கண்ணு தெரியுமா?"

"நீ இப்பவே எனக்குத் தெரியலடா, யாரு நீ?"

தவுக்கே வந்து நின்றார். என்னைப் பார்த்தார், சிபியூவைப் பார்த்தார், மலாயில் ஏதோ முணுமுணுத்தார். குணா அண்ணன் சங்கடத்தோடு, "பொண்ணு மாட்டினா ஓடுமான்னு கேக்குறாரு" என்றார்.

"ஓடலன்னா பொண்ணு வந்து தள்ளிவிடும்னு சொல்லுங்க."

அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

ஒரே தொலைபேசி இணைப்பு, அதிலேயே ஃபேக்ஸும் இருந்ததால், நாளைக்கு இரண்டு தடவை மட்டும் டயல் செய்து மெயில் இறக்குவது என்று ஏற்பாடு. காலை எட்டுக்கு ஒன்று, மாலை ஆறுக்கு ஒன்று. நான்தான் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். சிவமும் கூடவே நின்று பார்த்தான். இனிமேல் ஓய்வு நேரத்தில் இங்கே வந்து கேம் ஆடலாம் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். கடவுச்சொல்லை அவனுக்கும் சொல்லிக் கொடுத்தார் குணா அண்ணன். மறைக்க என்ன இருக்கிறது, மச்சான்தானே.

ஒரு வாரத்தில் கடைக்கு போன் வந்தது. "தங்கச்சி! ஜெர்மன்காரன் எழுதியிருக்கான்! மூணு பேரு, ஏப்ரல்ல!" அவர் குரலைக் கேட்டு எனக்கும் பெருமை. அப்புறம் ஒரு டச்சுக்காரர், ஒரு இங்கிலாந்துக்காரி. மெயில் வந்துகொண்டுதான் இருந்தது. அதுதான் கொடுமை. அடியோடு வராமல் இருந்திருந்தால் முதல் வாரமே கண்டுபிடித்திருப்போம்.

மார்ச்சில் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை. தீவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூர்க்காரர்கள்தான். அவர்கள் பையும் பிள்ளைகளுமாக வந்து கவுண்டரில் நின்றார்கள். மெயில் அனுப்பினோம், பதிலே இல்லை, சரி நேரில் கேட்போம் என்று வந்தோம் என்றார்கள். சிலர் பதில் வராத கோபத்தில் முன்னமே பக்கத்துக் கவுண்டரில், சிவத்திடம், போன் செய்து இடம் பிடித்திருந்தார்கள். அவனுடைய குடில்கள் நிறைந்தன. தவுக்கேயினுடையவை பாதி காலி. வெள்ளைக்காரன் மெயில் மட்டும் வருகிறது, சிங்கப்பூர்க்காரன் மெயில் மட்டும் வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் இவனுடைய மச்சான். தவுக்கே இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன்.

அவரே கடைக்கு போன் செய்தார். கணினியில் கோளாறா என்று கேட்டார். நான் முன்னறையிலிருந்து ஒரு மெயில் அனுப்பினேன். குணா அண்ணனை உடனே டயல் செய்து இறக்கச் சொன்னேன். வந்துவிட்டது. பத்து நிமிட இடைவெளிக்குள் நடந்துவிட்டதால் வந்துவிட்டது. எனக்கு அன்றைக்கு இன்னும் மூன்று பிரிண்டர் காத்திருந்தது. எரிச்சலோடு தவுக்கேயிடம் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: சிஸ்டம் நல்லா இருக்கிறது. மெயில் தானாகக் காணாமல் போகாது. யாராவது எடுத்தால்தான் போகும்.

இதைச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. கோளாறு இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். வாய்க்கொழுப்பு.

பத்து நாள் கழித்து ஏதோ கேட்க அந்தக் கவுண்டருக்கு போன் செய்தேன். புதுக் குரல். குணா வேலையை விட்டு நின்றுவிட்டார் என்றது.

ஏப்ரலில் ஜெகன் அந்தச் சோதனைக் கணினியை ஒரு டியூஷன் நிலையத்துக்குத் தள்ளிவிட முடிவு செய்தார். "தொடச்சுக் குடுத்துடு மா" என்றார். துடைப்பதற்கு முன் திரையைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே ஆயிரக்கணக்கில் குப்பை, நாங்கள் அனுப்பிய சோதனை மெயில்கள், விளம்பரங்கள். அதற்கு நடுவில் மெர்சிங் முகவரி. ஒன்று. பிறகு ஒன்று. பிறகு வரிசையாக.

நாற்பத்தேழு. எல்லாம் பகலில் வந்தவை. சிங்கப்பூர்க்காரர்கள் அலுவலக நேரத்தில் எழுதுவார்கள், எங்கள் கடை திறந்திருக்கும் நேரத்தில். ஐரோப்பாக்காரர்களுக்கு விடியும்போது இங்கே சாயங்காலம். அவர்கள் எழுதி அனுப்புவதற்குள் நாங்கள் கடையை மூடிவிடுவோம், அது காலையில் குணா அண்ணனுக்குப் போய்விடும். ஒரு பள்ளி ஆசிரியை இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு இடம் கேட்டு மூன்று தடவை எழுதியிருந்தார். மூன்றாவது கடிதத்தில், பிள்ளைகளுக்கு என்ன சொல்லட்டும், தயவுசெய்து இல்லை என்றாவது சொல்லுங்கள் என்றிருந்தது.

ஜெகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடைசிவரை உருட்டிப் பார்த்தார்.

"அழிச்சிடு."

"பாஸ், அந்த ஆளுக்கு வேல போச்சு."

"வேற வேல கெடைக்கும். நம்ம கடைக்கு வேற பேரு கெடைக்குமா? வாடிக்கக்காரன் மெயிலெல்லாம் நம்ம பின்னறையில கெடக்குதுன்னு தெரிஞ்சா ஒருத்தன் உள்ள வருவானா? குளுவாங் சின்ன ஊரு மா."

நாற்பத்தேழையும் அச்செடுத்துக்கொண்டு பிறகுதான் அழித்தேன். நல்லவள் மாதிரி. தாள்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பதினோரு நாள் வேலைக்குப் போய் வந்தேன். போன் செய்யவில்லை. பேருந்து ஏறவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் பாதி. பொம்பளை மாட்டினால் இப்படித்தான் என்று சொல்வார்களே என்ற ரோஷம் பாதி. ஜெகன்மேல் பழி போட்டு இதை எழுதி முடித்துவிடலாம். ஆனால் அவர் என் கையைக் கட்டிப் போடவில்லை.

பதினோராவது நாள் மெர்சிங்கிலிருந்து, பள்ளிக்கூடத்தில் கணக்கெழுதும் ஒரு கிராணி பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் திறந்து பார்க்கிற நேரத்தில் ஊர்க்கதை சொன்னார்.

"படகு ஜெட்டியில செவ்வாக்கெழம பெரிய கூத்து. குணான்னு ஒருத்தன், சொந்த மச்சானையே போட்டு மிதிச்சுட்டான். ரெண்டு பல்லு போச்சு."

"ஏன்?"

"மெயில எடுத்து வித்துத் தின்னியாடான்னு கேட்டுக் கேட்டு அடிச்சானாம். அந்தப் பய அங்க வந்து கேம் ஆடுவானாம்ல, பாஸ்வேர்டு தெரியுமாம். படகுக்கு நின்ன சனமெல்லாம் வேடிக்க பாத்திருக்கு. பொண்டாட்டி புள்ளய தூக்கிட்டு லாபிஸ் போயிருச்சு, ஆத்தா வீட்டுக்கு. பின்ன? அவ தம்பியில்ல அவன்?"

தான் எடுக்கவில்லை என்று குணா அண்ணனுக்குத் தெரியும். மெயில் தானாகப் போகாது, யாராவது எடுத்தால்தான் போகும் என்று கணினி தெரிந்த ஒருத்தி சொல்லிவிட்டாள். மிச்சம் யார் இருக்கிறார்கள்? அவர் என்னை நம்பினார். அவ்வளவுதான் அவர் செய்தது.

மறுநாள் முதல் பேருந்தில் போனேன். தவுக்கேயிடம்தான் முதலில். மேல் தாளை எடுத்தார், நேரத்தைப் பார்த்தார், அடுத்ததை எடுத்தார். பாதிவரை பார்த்துவிட்டுத் தட்டி அடுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கவுண்டரில் இப்போது தம்பி மகன் இருக்கிறான் என்றார். அலமாக், கடவுளே, ஏன் முன்னமே வரவில்லை என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

குணா அண்ணன் வீட்டில் தனியாக இருந்தார். சவரம் செய்யாத முகம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தாள்களை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார். "பத்து இருவது. பதினொன்னே கால். ரெண்டு மணி" என்று நேரத்தை மட்டும் வாய்விட்டுப் படித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, நான் பார்த்தேன். உடனே போய்விட்டது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"பன்னெண்டு நாளாச்சு அண்ணே."

"நான் அவன அடிச்சது போன செவ்வா."

"தெரியும்."

"அதுக்கு முன்னாடியே ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். "வா. அவன்கிட்ட ஒன் வாயால சொல்லு."

சிவம் வாடகை அறையில் படுத்திருந்தான். உதடு வீங்கிக் கிடந்தது. நான் வாசலில் நின்றே சொன்னேன். சர்வர், இரண்டு கணினி, பத்து நிமிடம், எல்லாம். என் காதுக்கே பொய் மாதிரி இருந்தது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, மிஷினு தப்புதான். என் மூஞ்சியில வுழுந்த கையி மிஷினா மாமா?"

குணா அண்ணன் காலணியைக்கூடப் போடாமல் படியிறங்கிப் போனார். நான் அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வாங்கிக்கொள்ளவில்லை. கீழே போட்டுவிட்டு பேருந்துக்குப் போனேன்.

அந்த மாதமே குளுவாங் கடையை விட்டேன். குணா அண்ணன் சிங்கப்பூரில் காவலாளி வேலைக்குப் போனதாகக் கேள்வி. மனைவி லாபிஸிலிருந்து திரும்பவில்லை என்று ஒருவர் சொன்னார், திரும்பினாள் என்று இன்னொருவர். விசாரித்து உறுதி செய்ய எனக்கு என்ன முகம் இருந்தது?

இந்தச் சனிக்கிழமை மெர்சிங் போனேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. பலகைக் கூண்டுகள் ஒன்றுகூட இல்லை. ஓடு பதித்த பெரிய கூடம், குளிர்சாதனம், கைப்பேசியை நீட்டினால் கீச்சென்று ஒரு சத்தம், உள்ளே போகலாம். தவுக்கேயைத் தெரிந்தவர் இல்லை. அவருடைய குடில்கள் இருந்த இடத்தில் வேறு பெயரில் ஒரு விடுதி. சிவம் எங்கே போனான் என்றும் யாருக்கும் தெரியவில்லை. குளுவாங் கடையே இப்போது முடிதிருத்தும் நிலையம். அந்த நாற்பத்தேழு தாளும் மூன்று வீடு மாறியதில் எங்கோ போய்விட்டன.

துறைக்கு எதிரே ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடை. கல்லாவில் இருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். தே ஓ, பாலில்லாத தேநீர், சொல்லிவிட்டு, இங்கே முன்னால் கவுண்டரில் குணா என்று ஒருவர் இருந்தாரே, தெரியுமா என்று கேட்டேன்.

"எந்த குணா? புக்கிங் திருடினானே, அவனா?"

"அவர் திருடல. கம்ப்யூட்டர் கடையில கணக்க தப்பா போட்டு வச்சிருந்தாங்க. மெயிலெல்லாம் அங்க போயிருச்சு. போட்டது நான்தான். அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். இரக்கமாகத்தான் பார்த்தார். "சரிம்மா, சரி. பழைய கத. தே ஓ சூடா இருக்கு, பாத்துக் குடிங்க."

நான் குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே அடுப்படியில் அவர் மனைவி யாரென்று கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். எனக்குக் கேட்டது.

"அந்தத் திருட்டு குணா இருந்தான்ல, அவனுக்குச் சொந்தக்காரங்க போல. பாவம்."